வீட்டில் பதிந்த டிவிடி அடுத்த வீட்டுப் பிளேயரிலும் ஓட என்ன செய்ய வேண்டும்?

வெள்ளவத்தையில் உங்கள் வீட்டு ரெக்கோடரில் பதிந்த கலியாண வீடியோ அதே ரெக்கோடரில் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. அதைக் கொட்டாஞ்சேனையில் பெரியம்மா வீட்டுப் பிளேயரில் போட்டால் ‘நோ டிஸ்க்’ என்று காட்டுகிறது. உடனே எல்லோரும் பிளேயரைத்தான் குறை சொல்வார்கள். திருத்துகிற கடையில் கேட்டால் லென்ஸ் போய்விட்டது என்பார்கள். பெரும்பாலும் லென்ஸுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பதிந்தவர் டிஸ்கை ‘பைனலைஸ்’ செய்து, அதாவது மற்றப் பிளேயர்களும் வாசிக்கும்படி முடித்து, கொடுக்காமல் எடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

டிவிடி பழைய காலத்துச் சங்கதி என்று நினைப்பவர்கள் ஒருமுறை தங்கள் அலுமாரியைத் திறந்து பார்க்கலாம். 2000களில் எடுத்த சாமத்தியவீடு, அறுபதாம் கலியாணம், பிள்ளையின் முதல் பிறந்தநாள் எல்லாம் பல வீடுகளில் இன்னும் அந்தத் தட்டில் மட்டும்தான் இருக்கின்றன. அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பதிந்த ரெக்கோடரோ கமராவோ இன்னும் வேலை செய்தால், இந்தக் கட்டுரையை வாசித்து முடிக்கும் வரை அதைப் பழைய சாமான் வாங்குபவரிடம் கொடுத்துவிடாதீர்கள். பாதிப் பிரச்சினைக்கு மருந்து அந்த மெஷினுக்குள்தான் இருக்கிறது.

முதலில் டிஸ்கில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

டிவிடி ரைட்டர் உள்ள ஒரு கணினியில் டிஸ்கைப் போட்டுத் திறவுங்கள். மடிக்கணினியில் டிரைவ் இல்லையென்றால் யூஎஸ்பியில் கொழுவும் ரைட்டர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கலாம். வாசிக்க மட்டும் தெரிந்த டிரைவ் வேண்டாம், ரைட்டர்தான் வேண்டும். காரணம் பின்னால் வரும்.

டிஸ்க் வெறுமை என்று விண்டோஸ் சொல்கிறதா? அப்படியானால் அது பைனலைஸ் செய்யாத டிஸ்க். ‘போர்மட் செய்யவா’, ‘எழுதவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று மூடிவிட்டு வெளியே எடுங்கள். ஆம் என்று அழுத்தினால் உள்ளே இருப்பதும் போய்விடக்கூடும்.

‘வீடியோ டிஎஸ்’ என்ற போல்டர் இருந்து, அதற்குள் ‘விஓபி’, ‘ஐஎஃப்ஓ’ என்று முடியும் கோப்புகள் இருந்தால் அது முறையான டிவிடி வீடியோ. அது ஓடவில்லையென்றால் டிஸ்கின் தரத்திலோ, பால், என்டிஎஸ்சி என்று நாட்டுக்கு நாடு மாறும் டீவி முறை விஷயத்திலோதான் கோளாறு.

‘டிவிடி ஆர்டிஏவி’ என்ற போல்டர் இருந்தால் அது விஆர் முறையில், அதாவது ரெக்கோடரிலேயே வெட்டித் திருத்துவதற்கான முறையில், பதிந்தது. எம்பி4, ஏவிஐ கோப்புகள் அப்படியே கிடந்தால் அது வெறும் டேட்டா டிஸ்க். ‘பிடிஎம்வி’ போல்டர் இருந்தால் எச்டி கமராவில் எடுத்த ஏவிசிஎச்டி டிஸ்காக இருக்க வாய்ப்பு அதிகம். தட்டு டிவிடிதான், ஆனால் புளூரே பிளேயர் மாதிரி ஒன்றுதான் அதை ஓட்டும். சாதாரண பிளேயரில் போடாதீர்கள், சில பிளேயர்கள் தட்டை வெளியே விடவும் மறுக்கும்.

பைனலைஸ்

ரெக்கோடர் பதியும்போது எந்த நிகழ்ச்சி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத் தனக்காக ஒரு மூலையில் குறித்துக்கொண்டே போகும். கடைக்காரர் தனக்கு மட்டும் விளங்கும்படி அட்டைத் துண்டில் கணக்கு எழுதி வைப்பதைப் போன்றது அது. இன்னொருவர் வந்து பார்த்தால் தலையும் விளங்காது, வாலும் விளங்காது. பைனலைஸ் செய்யும்போதுதான் ரெக்கோடர் டிஸ்கின் தொடக்கப் பகுதியையும் முடிவுப் பகுதியையும் முறைப்படி எழுதி, எந்தப் பிளேயரும் வாசிக்கக்கூடிய விதத்தில் கோப்புகளையும் மெனுவையும் ஒழுங்குபடுத்துகிறது. அதுவரை மற்றப் பிளேயருக்கு அது கிட்டத்தட்ட வெறும் தட்டு.

செய்யும் விதம் இதுதான். பதிந்த அதே ரெக்கோடரில் டிஸ்கைப் போடுங்கள். ரிமோட்டில் மெனு அல்லது செட்டப் பட்டனை அழுத்தி, ‘டிஸ்க் செட்டப்’, ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’, ‘டிவிடி மேனேஜ்மென்ட்’ என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும் பகுதிக்குப் போங்கள். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். ‘பைனலைஸ்’ என்ற சொல் மட்டும் அநேகமாக மாறாது. ஓகே கொடுத்ததும் எத்தனை நிமிடம் ஆகும் என்று பல மெஷின்கள் திரையிலேயே காட்டும். சில டிஸ்க் ஓரிரு நிமிடத்தில் முடியும், சில கால் மணி நேரத்துக்கு மேலும் இழுக்கும். இடையில் ரிமோட்டைத் தொடாமல் இருப்பது நல்லது.

ஓகே கொடுக்கும் முன் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, நிகழ்ச்சிகளுக்குப் பெயர் போடுவது, தேவையில்லாததை அழிப்பது எல்லாவற்றையும் முன்பே முடித்துவிடுங்கள். ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய டிவிடி ஆர் வகை டிஸ்கைப் பைனலைஸ் செய்த பிறகு அதில் எதையும் சேர்க்கவோ மாற்றவோ முடியாது. அழித்துத் திரும்ப எழுதக்கூடிய ஆர்டபிள்யூ வகையென்றால் பல ரெக்கோடர்கள் அதைத் திரும்பவும் அவிழ்த்துக் கொடுக்கும். இரண்டாவது, கரண்ட். பைனலைஸ் பாதியில் நின்ற டிஸ்க் எல்லாவற்றையும்விட மோசமான நிலையில் இருக்கும்: ரெக்கோடரும் அதை ஏற்காது, பிளேயரும் ஏற்காது. 2022 போல மணிக்கணக்கில் மின்வெட்டு இப்போது இல்லையென்றாலும், கொழும்பில் ஒரு பெரிய மழைக்கு லைட் போவது புதிதல்ல. கணினிக்கு வைத்திருக்கும் யூபிஎஸ்ஸில் ரெக்கோடரைக் கொழுவிவிட்டு ஆரம்பியுங்கள். மழை நேரத்தில் இந்த வேலையே வேண்டாம்.

டிவிடி பிளஸ் ஆர்டபிள்யூ போட்டுப் பதியும் சில ரெக்கோடர்களில் பைனலைஸ் என்ற சொல்லைக் காணமாட்டீர்கள். அதற்குப் பதிலாக மற்றப் பிளேயர்களுக்கு ஏற்றபடி மாற்று என்ற பொருளில் ‘மேக் கம்பேட்டிபிள்’ என்று இருக்கும். பதிந்ததில் வெட்டித் திருத்தியிருந்தால் அதைக் கட்டாயம் அழுத்துங்கள்.

கையில் பிடித்து எடுக்கும் டிவிடி கமராக்களுக்கும் இதே கதைதான். அவற்றில் 8 சென்டிமீட்டர் சின்னத் தட்டு, 1.4 ஜிபி, சாதாரணத் தரத்தில் சுமார் 30 நிமிடம் பிடிக்கும். பைனலைஸ் செய்யும்போது கமராவைச் சார்ஜரோடு நேரே கொழுவிவிடுங்கள். பற்றரியை நம்ப வேண்டாம். இந்தச் சின்னத் தட்டைக் கார் செட்டிலோ, வாய் வழியாக உள்ளே இழுக்கும் மடிக்கணினியிலோ போட்டால் உள்ளே சிக்கிக்கொள்ளும், பிறகு ஸ்க்ரூ டிரைவர்தான். தட்டு வெளியே வந்து, நடுவில் சின்ன வட்டப் பள்ளம் இருக்கும் பிளேயரில் மட்டும் போடுங்கள்.

பைனலைஸ் செய்தும் ஓடவில்லையா? விஆர் முறையைப் பாருங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். டிவிடி ஆர்டபிள்யூ ஒன்றை முதன்முதலில் ரெக்கோடரில் போடும்போது ‘வீடியோ’ முறையா ‘விஆர்’ முறையா என்று கேட்கும், அல்லது கேட்காமலே விஆரில் தயார் செய்துவிடும். விஆரில் பதிந்தால் வெட்டலாம், ஒட்டலாம், விளம்பரத்தைத் தூக்கலாம். ரெக்கோடர் அதை விரும்புவதற்குக் காரணம் அதுதான். ஆனால் அது பொதுவான டிவிடி வீடியோ அமைப்பே அல்ல. விஆர் டிஸ்கைப் பைனலைஸ் செய்தாலும், விஆர் வாசிக்கத் தெரிந்த பிளேயரில் மட்டும்தான் ஓடும். டிவிடி ராம் என்ற தட்டின் நிலை இன்னும் மோசம். பெரும்பாலான பிளேயர்கள் அதைத் திரும்பியே பார்க்காது.

முறையை மாற்ற டிஸ்கைத் திரும்பவும் போர்மட் செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும். ஆகவே மாற்றாதீர்கள், பிரதி எடுங்கள். ரெக்கோடரில் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதற்குள் கொப்பி செய்து, அங்கிருந்து புதிய டிவிடி ஆர் ஒன்றுக்கு வீடியோ முறையில் இறக்கிப் பைனலைஸ் செய்யலாம். ஹார்ட் டிஸ்க் இல்லையென்றால் கணினிதான். ‘டிவிடி ஆர்டிஏவி’ போல்டருக்குள் ‘விஆர்ஓ’ என்று முடியும் பெரிய கோப்பு ஒன்று இருக்கும். அதை ஹார்ட் டிஸ்குக்குக் கொப்பி செய்து, பெயரின் கடைசியை ‘எம்பிஜி’ என்று மாற்றிவிட்டு விஎல்சி என்ற வீடியோ ஓட்டும் மென்பொருளில் திறந்தால் அநேகமாக ஓடும். எல்லா நிகழ்ச்சிகளும் ஒரே கோப்பில் வரிசையாக இருக்கும், ரெக்கோடரில் நீங்கள் வெட்டி ஒதுக்கிய துண்டுகள் திரும்பி வந்து நின்றாலும் ஆச்சரியப்படாதீர்கள். இந்தக் கோப்பிலிருந்து முறையான டிவிடி செய்வது அடுத்த பகுதியில் இருக்கிறது.

இனிமேல் பதிபவர்களுக்கு என் புத்திமதி: யாருக்காவது கொடுக்கப் போகும் எதையும் ஆர்டபிள்யூவில் பதியாதீர்கள். டிவிடி ஆர், வீடியோ முறை, எஸ்பி என்ற சாதாரணத் தரம். 4.7 ஜிபி தட்டில் எஸ்பி 2 மணி நேரம் கொள்ளும். எக்ஸ்பி என்ற உயர் தரத்தில் 1 மணி நேரம்தான். படம் கொஞ்சம் தெளிவு, ஆனால் டேட்டா வேகம் டிவிடியின் உச்ச வரம்பை நெருங்குவதால் பழைய பிளேயர்கள் திக்கும். 4 மணி, 6 மணி என்று ஒரே தட்டில் அடைத்தால் மணவறையில் யார் நிற்கிறார்கள் என்றே தெரியாது.

கணினியில் டிவிடி செய்யும்போது

எம்பி4 கோப்பை டிஸ்கில் இழுத்துப் போட்டு எழுதினால் அது டிவிடி ஆகாது. வெற்று டிஸ்கைப் போட்டதும் விண்டோஸ் இரண்டு வழி காட்டும்: யூஎஸ்பி போலப் பாவிக்கவா, சிடி டிவிடி பிளேயரில் பாவிக்கவா என்று. முதலாவதைத் தெரிவு செய்தால் பிளேயரில் ஓடாது என்பது நிச்சயம். இரண்டாவதின் பெயரைப் பார்த்து நம்பிவிடுகிறோம், ஆனால் அதுவும் கோப்புகளைக் கொப்பி மட்டுமே செய்கிறது. டிவிடி வீடியோவாக மாற்றித் தருவதில்லை. எம்பி4 வாசிக்கும் புதிய பிளேயர் தப்பித்துக்கொள்ளும், பெரியம்மா வீட்டுப் பழைய பிளேயர் தப்பாது. மாற்றித் தந்த ‘டிவிடி மேக்கர்’ விஸ்டாவோடு வந்து விண்டோஸ் 7 வரை இருந்தது, அதற்குப் பிறகு தூக்கிவிட்டார்கள்.

இப்போது கைகொடுப்பது டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருள். அதைத் திறந்து புதிய வேலை ஒன்றை ஆரம்பித்தால் பாலா என்டிஎஸ்சியா, 4:3ஆ 16:9ஆ, ஒலி எம்பி2ஆ ஏசி3ஆ என்று கேட்கும். ஒலிக்கு ஏசி3ஐத் தெரிவு செய்யுங்கள். எம்பி2 நம் பக்கத்துப் பிளேயர்களில் ஓடும், ஆனால் வட அமெரிக்கப் பிளேயர்கள் அதை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. படம் ஓடும், நாதஸ்வரம் கேட்காது. உங்கள் வீடியோக் கோப்பை உள்ளே இழுத்துப் போடுங்கள், மெனு வேண்டுமென்றால் ஒன்று செய்யுங்கள், பிறகு நேரே டிஸ்கில் எழுதாமல், முழு டிஸ்கையும் ஒரே கோப்பில் அடக்கும் ஐஎஸ்ஓ கோப்பாகச் சேமியுங்கள். அதை விஎல்சியில் போட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால் இம்க்பேர்ன் கொண்டு டிஸ்கில் எழுதுங்கள். அதுவும் இலவசம்தான், 2013க்குப் பிறகு புதிய பதிப்பு வரவில்லை, ஆனாலும் இந்த வேலைக்கு அதை விஞ்ச ஆள் இல்லை. எழுதி முடிந்ததும் ‘வெரிஃபை’ செய்ய, அதாவது எழுதியது சரியா என்று சரிபார்க்க, விடுங்கள். அவசரப்பட்டு அதை நிறுத்திவிட்டுப் பிறகு தலையில் கை வைப்பவர்கள் அதிகம்.

எழுதும் வேகத்தை 16எக்ஸ் என்று விடாமல் 8எக்ஸ் அல்லது 4எக்ஸ் ஆக்குங்கள். 

எந்தத் தட்டு வாங்குவது

வெற்று டிஸ்க் இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவில் கேட்டுப் பார்க்கலாம், இல்லையென்றால் புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போகலாம். பெயர் இல்லாத மலிவுத் தட்டு ஐம்பதை ஒரே கோபுரமாக வாங்குவதைவிட நல்ல கம்பெனித் தட்டு ஐந்து வாங்குவது லாபம்.

மைனஸ் ஆர், பிளஸ் ஆர் என்று இரண்டு இருக்கும். மைனஸ் 1997இல் வந்தது, பிளஸ் 2002இல். மிகப் பழைய பிளேயருக்கு மைனஸ்தான் பாதுகாப்பு. பிளஸ் மட்டும்தான் கிடைத்ததென்றால், சில ரைட்டர்களில் அதன் வகையை ‘டிவிடி ரோம்’ (கடையில் வாங்கும் அச்சடித்த டிஸ்க்) என்று பதிந்து எழுதலாம். இம்க்பேர்னில் அதற்கு வழி இருக்கிறது, உங்கள் ரைட்டர் அதை ஏற்க வேண்டும். ஆர்டபிள்யூ தட்டுகளை நான் தள்ளிவைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடையில் வாங்கும் அச்சடித்த ஒற்றை அடுக்கு டிஸ்க் ஒளியை 45 முதல் 85 வீதம் வரை திருப்பிக் கொடுக்கும். ஆர்டபிள்யூ 18 முதல் 30 வீதம்தான். வயதான லென்ஸுக்கு அது போதாது.

மேலே காகித ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். வேகமாகச் சுற்றும்போது பாரம் ஒரு பக்கம் சாயும், நம் ஊர்ப் புழுக்கத்தில் பசை இளகி ஓரம் தூக்கும், பிறகு பிளேயருக்கும் சேர்த்துச் செலவு.

வெளிநாட்டுக்கு அனுப்பும்போது

இலங்கை பால் முறை நாடு: 576 வரி, விநாடிக்கு 25 படம். லண்டனுக்கும் ஒஸ்லோவுக்கும் சூரிச்சுக்கும் சிட்னிக்கும் அனுப்புவதில் பிரச்சினை இல்லை. பாரிஸில் தொலைக்காட்சி ஒருகாலத்தில் சீகாம் முறை என்று பயமுறுத்துவார்கள். அங்கும் டிவிடி பால்தான். கனடாதான் வேறு: என்டிஎஸ்சி, 480 வரி, விநாடிக்கு 29.97 படம். டொரொன்டோவில் வாங்கிய பிளேயர் நம் டிஸ்கை ஏற்காமல் போக நல்ல வாய்ப்பு இருக்கிறது. அங்குள்ள சித்தப்பா கணினியில் பார்ப்பாரென்றால் ஒன்றும் மாற்ற வேண்டாம், விஎல்சி இரண்டையும் ஓட்டும். விண்டோஸ் 8 முதல் டிவிடி ஓட்டும் வசதி தானாக வருவதில்லை என்பதால் விஎல்சியை இறக்கி வைக்கும்படி மட்டும் சொல்லுங்கள். டீவியில்தான் பார்க்க வேண்டும் என்றால் டிவிடிஸ்டைலரில் என்டிஎஸ்சியைத் தெரிவு செய்து இன்னொரு டிஸ்க் செய்யுங்கள். அசைவில் கொஞ்சம் இடறல் தெரியும், பொறுத்துக்கொள்ளலாம்.

அங்கிருந்து இங்கே வரும் டிஸ்க் பெரும்பாலும் ஓடும், ஏனென்றால் நம் பக்கம் விற்ற பிளேயர்கள் அநேகமாக இரண்டையும் வாசிக்கும். படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ மேலும் கீழும் உருண்டாலோ, பிளேயரின் செட்டப்பில் ‘டீவி டைப்’ என்ற இடத்தில் ‘பால்’, ‘மல்டி’, ‘ஓட்டோ’ என்று மாற்றிப் பாருங்கள்.

ரீஜன் கோட் என்ற பிரதேசப் பூட்டு பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். இலங்கை 5, கனடா 1, பிரிட்டன் 2 என்பதெல்லாம் கடையில் வாங்கும் படங்களுக்கு. வீட்டு ரெக்கோடரில் பதிந்தவற்றுக்கு அந்தப் பூட்டு கிடையாது.

கனடாவிலிருந்து யாராவது ரெக்கோடரையே கொண்டு வந்திருந்தால், கொழுவும் முன் பின்பக்கம் எழுதியிருக்கும் வோல்டேஜைப் பாருங்கள். 120 மட்டும் என்று இருந்தால் நம் 230இல் நேரே கொழுவக்கூடாது.

பதிந்த ரெக்கோடர் செத்துவிட்டால்

பைனலைஸ் செய்யாத டிஸ்க் இருக்கிறது, மெஷின் இல்லை. முதலில் அதே கம்பெனியின் அதே மொடல் ரெக்கோடர் உறவினர் யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். அதில் போட்டால் பைனலைஸ் செய்ய ஏற்கக்கூடும். வேறு கம்பெனி மெஷினில் முயல வேண்டாம், அது டிஸ்கைத் தன் போக்குக்குத் தயார் செய்யப் பார்க்கும்.

கிடைக்கவில்லையா, ஐசோபஸ்டர் என்ற மென்பொருள் இருக்கிறது. டிஸ்கை ரைட்டர் டிரைவில் போடுங்கள். ரெக்கோடரின் அந்தத் தற்காலிகக் குறிப்பு இருக்கும் மூலையை ரைட்டர் பார்க்க முடியும், வெறும் வாசிப்பு டிரைவால் முடியாது. தொடக்கத்தில் ரைட்டர் வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். ஐசோபஸ்டர் உள்ளே இருக்கும் வீடியோவைத் தேடிக் காட்டும், அதை ஹார்ட் டிஸ்குக்கு எடுத்துக்கொள்ளலாம். இலவசப் பதிப்பில் எல்லா வேலையும் முடியாது, ஆனால் உள்ளே ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு காசு கொடுக்கலாம். ஒரு டிரைவ் கைவிட்டால் இன்னொரு டிரைவில் முயலுங்கள், உண்மையில் பலன் மாறும். டிஸ்கை மூடும் கட்டளை இம்க்பேர்னிலும் உண்டு. வீடியோவை வெளியே எடுக்கும் வரை அதைத் தொடாதீர்கள்.

கொடுப்பதற்கு முன்

சொந்த ரெக்கோடரில் போட்டுப் பார்ப்பது சோதனையே அல்ல. இருப்பதிலேயே பழைய, மலிவான பிளேயரில் போடுங்கள். முதல் ஐந்து நிமிடம் பார்த்துத் திருப்திப்படாமல் கடைசிக் காட்சிக்குத் தாவுங்கள். டிவிடி உள்வட்டத்திலிருந்து வெளிவட்டத்துக்கு எழுதப்படுகிறது, மலிவுத் தட்டில் முதலில் கெடுவதும் விரல் அடிக்கடி படுவதும் வெளிவட்டம்தான். ஆரத்தி எடுக்கும் நேரத்தில் படம் உறைந்தால் மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்துப் பாருங்கள், வட்டமாகத் துடைக்கக்கூடாது. அப்படியும் திக்கினால் வேறு தட்டில், குறைந்த வேகத்தில் மீண்டும் எழுதுங்கள்.

பிறகு சிடி மார்க்கரால் மேல்பக்கத்தில் நிகழ்ச்சி, திகதி, பாலா என்டிஎஸ்சியா, பைனலைஸ் செய்ததா என்று எழுதுங்கள். போல்பொயிண்ட் பேனை வேண்டாம். ஐஎஸ்ஓ கோப்பை ஹார்ட் டிஸ்கிலிருந்து அழிக்காதீர்கள். பெரியம்மாவின் பிளேயர் எதற்கும் மசியவில்லையென்றால் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு எம்பி4 ஆக்கி, பென் டிரைவில் ஏற்றி, அவர் டீவியின் பின்னால் இருக்கும் யூஎஸ்பி ஓட்டையில் கொழுவிவிடலாம்.